விமானத்தில் ஒரு மணி இருபது நிமிடம்தான் என்று நம்பிப் போனேன்

2023 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை இரவு, 11.30 இருக்கும், குளுவாங்கிலிருந்து என் மருமகன், அக்காவின் மகன், கூப்பிட்டான். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை, எனக்கும் வாய் வரவில்லை. அக்காவுக்கு 62 வயது. இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் இந்தச் சேதி வரும் என்று தெரியும்தான். ஆனால் எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் இருப்பது மலேசியாவின் வடக்கே பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில். அங்கே ஸ்டோர் கிராணி வேலை. நானும் அக்காவும் பிறந்தபோது அது ரப்பர் தோட்டம். 1985இல் அக்காவைத் தெற்கே ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மறுவீடு முடிந்து அவரும் அத்தானும் ரயிலேறியபோது, "இவ்வளவு தூரத்துல குடுத்துட்டியே" என்று அம்மா அப்பாவைப் பார்த்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது. தோட்டத்து ஜனங்கள் பிழைப்பைத் தேடி நாடு முழுக்கச் சிதறிப்போன பிறகு, அக்கா ஒரு மூலை, தம்பி ஒரு மூலை என்பது நம்மில் பல வீட்டில் உள்ள கதைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்று இதை எனக்கு யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் போதும் என்று எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன்.

கட்டிக் கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் இல்லை என்றால் அந்தச் சேலையைக் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டியவன் தம்பி. அது என் கடமை, என்னைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத கடமை. மருமகன் அரை மணி நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டு, "மாமா, எத்தன மணிக்கு வருவீங்க? மின்சுடலைக்கு நேரம் சொல்லணும், அத்தைங்க எல்லாம் கேக்குறாங்க" என்றான். இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கைப்பேசியை எடுத்து ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு எவ்வளவு நேரம் என்று தேடினேன். தூரம் சுமார் 430 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 1 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் என்று வந்தது. விமான நிறுவனத்தின் பக்கத்தில் காலை 11.10க்குக் கிளம்பி 12.30க்கு இறங்கும் விமானம் ஒன்று இருந்தது. ஒரு மணி இருபது நிமிடம். இறங்கியதும் காரைப் பிடித்தால் ஒரு மணி நேரம். "1.30க்குள்ள வந்துடுவேன்பா" என்று சொல்லிவிட்டேன். அதை வைத்து அவர்கள் நகராண்மைக் கழகத்து மின்சுடலையில் மாலை 3.30க்கு நேரம் எடுத்தார்கள். வீட்டிலிருந்து 3 மணிக்கு எடுப்பு. எனக்கு ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்தோம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அப்போதே வாசலில் வந்து நின்றான். இருபத்தெட்டு வயது, லாரி ஓட்டுபவன். "மாமா, இப்பவே கெளம்பிடலாம், நான் ஓட்டுறேன். விடியிறதுக்குள்ள போய்ச் சேந்துடலாம்" என்றான். ராத்திரி நேரம், நாளைக்கு அவனுக்கு வேலை, என் பழைய கார், இதையெல்லாம் யோசித்து, "வேண்டாம்பா, பிளேன்ல ஒரு மணி இருபது நிமிஷம்தான்" என்று அனுப்பிவிட்டேன். அவன் தயங்கித் தயங்கித்தான் போனான். அந்தக் காட்சி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

டிக்கெட் வாங்குவதிலேயே முதல் அடி. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. நம் அடையாள அட்டையான ஐசியில் இருப்பதோ என் பெயர், 'மகன்' என்று பொருள்படும் அ/லெ, அப்பா பெயர். எதை எங்கே போடுவது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் நேரம் கடந்து பக்கம் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது 268 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்த டிக்கெட் 318 ஆகியிருந்தது. இரண்டு வாரம் முன்பே வாங்கியிருந்தால் 100 வெள்ளிக்குள் முடிந்திருக்கும் என்று பிறகு மகள் சொன்னாள். சாவுக்கு யார் முன்பே டிக்கெட் எடுப்பார்கள்? அந்த வேகத்திலேயே புதன்கிழமை இரவுக்குத் திரும்பி வரும் டிக்கெட்டையும் 149 வெள்ளிக்கு எடுத்தேன். அதுவும் தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன். பெயர் விஷயத்தில் நான் இப்போது செய்வது இதுதான்: அ/லெ என்பதை விட்டுவிட்டு, என் பெயரை முதற்பெயராகவும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் போடுகிறேன். எழுத்துகள் ஐசியில் உள்ளபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஐசியோடு வைத்திருக்கிறேன்.

காலை 8.15க்குத் தோட்டத்தை விட்டுக் கிளம்பினேன். ஈப்போ எங்களுக்கு 30 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு அந்தப் பக்கம், தெற்கில் இருக்கிறது. காலை நெரிசலில் நகரத்தைத் தாண்டிப் போய்ச் சேர 9.30 ஆகிவிட்டது. கவுண்டரில் பையை நிறுத்தார்கள், 9 கிலோ. கையில் கொண்டுபோக 7 கிலோதான் விடுவார்கள். சாவு வீட்டுக்கு என்று மனைவி அரிசி, சீனி, காப்பித்தூள் எல்லாம் கட்டி வைத்திருந்தார். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, எதையும் எடுத்துப் பிரித்து வைக்கத் தோன்றாமல், 48 வெள்ளி கட்டிப் பையை அப்படியே உள்ளே அனுப்பிவிட்டேன். கோடிச் சேலை அந்தப் பைக்குள் இருந்தது. ஈப்போ துணிக்கடைகள் திறக்கும் முன்னே கிளம்பிவிட்டதால், மனைவி தனக்கென்று வாங்கி உடுத்தாமல் வைத்திருந்த பச்சைச் சேலை அது.

10.20க்கு முதல் அறிவிப்பு: விமானம் தாமதம். ஜொகூரில் காலையிலிருந்து கனத்த மழை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை, அந்தப் பக்கத்தை எப்படிப் போட்டு வாட்டும் என்று நமக்குத் தெரியாதா, ஆனால் ஈப்போவில் நல்ல வெயில் அடிக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பெரியவர் அடிக்கடி இந்த வழியில் போகிறவர். அவர்தான் விளக்கினார். இதுபோன்ற சிறிய விமான நிலையங்களில் நமக்காக ஒரு விமானம் தயாராக நின்றுகொண்டிருக்காது. ஜொகூர் பாரு விமான நிலையமான செனாயிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வரும் அதே விமானம்தான் இங்கே இறக்கிவிட்டு, நம்மை ஏற்றிக்கொண்டு திரும்பும். அது அங்கே கிளம்பாவிட்டால் நாம் இங்கே கிளம்ப முடியாது. அவர் தன் கைப்பேசியில் ஃபிளைட்ரேடார்24 என்ற செயலியைத் திறந்து, நாங்கள் ஏற வேண்டிய விமானம் இன்னும் செனாயிலேயே நிற்பதைக் காட்டினார். அடிவயிறு கலங்கிவிட்டது. இந்தச் செயலி யாருக்கும் கிடைக்கும், அடிப்படைப் பயன்பாட்டுக்குக் காசு இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நம் விமானம் எங்கிருந்து வருகிறது, அங்கிருந்து கிளம்பிவிட்டதா என்று பார்க்கலாம். நான் 8 மணிக்கே ஜொகூர் மழையைப் பார்த்திருந்தால், அந்தப் பையனைக் கூப்பிட்டுக் காரிலேயே போயிருப்பேன்.

12.50க்குத்தான் கிளம்பியது. ஒரு மணி நாற்பது நிமிடத் தாமதம். மருமகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பரவால்ல மாமா, நீங்க வாங்க" என்றான்.

ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தக் கணக்கு எப்படிப் பிசகியது என்று அப்போது புரியவில்லை, பிறகு ஆளைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். இணையத்தில் வரும் தூரம் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையில் பூமியின் வளைவை ஒட்டி இழுத்த நேர்கோடு. 430 கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 32 நிமிடம். ஏறவும் இறங்கவும் என்று அதில் ஏறக்குறைய அரை மணி நேரம் சேர்த்து, 1 மணி நேரம் என்று அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. விமான நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கும் 1 மணி 20 நிமிடம் வேறு. அது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்குமிடத்தில் நிற்பது வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வரிசையில் காத்திருந்து இறங்குவது எல்லாம் அதற்குள். அது சரியான கணக்குதான். ஆனால் நான் கட்டிலை விட்டு எழுந்து அக்காவின் காலடிக்குப் போய்ச் சேரும் கணக்கு அதில் இல்லை. அதை யாரும் நமக்குப் போட்டுத் தர மாட்டார்கள்.

நானும் மனைவியும் ஒருமுறை திருச்சிக்குப் போயிருக்கிறோம். கோலாலம்பூரிலிருந்து சுமார் 2,700 கிலோமீட்டர், 4 மணி நேரம் போல ஆனது. அந்தப் பயணத்தில் முன்னே 3 மணி நேரமும் பின்னே 2 மணி நேரமும் போனாலும் உறுத்தவில்லை. கப்பலில் போனால் எத்தனை நாள்! அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் விமானம் என்றாலே வேகம் என்று நினைத்துவிட்டேன். குறைந்த தூரத்தில் அப்படி இல்லை. பறப்பது ஒரு மணி நேரம் என்றால், பறப்பதற்கு முன்னும் பின்னும் போகிற நேரம் அதைப்போல மூன்று நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் கார் ஓடிக்கொண்டே இருக்கும்.

செனாயில் இறங்கும்போது 2.15. அக்கா வீட்டில் எடுப்பு 3 மணிக்கு. பை வரும் வளையத்தின் முன் நின்றேன். யாரையும் குறை சொல்ல மாட்டேன், மழையில் இறக்கி ஏற்றுகிறார்கள், நேரம் எடுக்கத்தான் செய்யும். ஆனால் அந்த 25 நிமிடம் என் வாழ்நாளில் மிக நீண்ட நேரம். பையை விட்டுவிட்டு ஓடியிருப்பேன், கோடி அதற்குள் இருக்கிறதே. சேலையின் எடை அரைக்கிலோ கூட இராது. கக்கத்தில் வைத்திருந்தால் போதும். தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். கோடி, மாலைக்கான பணம், மருந்து, ஐசி என்று எதற்காகப் போகிறோமோ அது எப்போதும் கையோடு இருக்க வேண்டும். அரிசியும் சீனியும் போகிற ஊரிலும் கிடைக்கும்.

வெளியே வந்து கைப்பேசி வழியாகக் கார் கூப்பிட்டேன். ஒருவர் ஏற்றார், குளுவாங் என்று பார்த்ததும் விலகிக்கொண்டார். இன்னொருவரும் அப்படியே. போய்விட்டுத் திரும்பி வரும்போது காலிக் காரோடு வர வேண்டும், அவர்கள் நியாயமும் எனக்குப் புரிகிறது. கடைசியில் டாக்சி வரிசையில் நின்று 170 வெள்ளிக்குப் பேசி ஏறும்போது 3.05. ஓட்டியவர் வயதான மலாய்க்காரர். விஷயத்தைச் சொன்னதும், "சபார், சபார்" (பொறுமை, பொறுமை) என்று சொல்லிக்கொண்டே கொட்டுகிற மழையில் தன்னால் முடிந்த வேகத்தில் போனார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் பச்சைப் பலகையில் கோலாலம்பூர் என்று அம்புக்குறி. அப்போதுதான் உறைத்தது, நான் வடக்கே போகிறேன். வந்த திசையிலேயே திரும்பிப் போகிறேன். குளுவாங் செனாய்க்குத் தெற்கில் இல்லை, வடக்கில் இருக்கிறது. சாலை வழியாக 75, 80 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து காரில் வந்திருந்தால் ஆயர் ஹீத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி 20 கிலோமீட்டரில் அக்கா வீடு. ஜொகூர் பாரு பக்கமே வர வேண்டாம். விமானம் என்னை அக்காவின் வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. மருமகன் கேட்டபோது நான் தேடியது ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு. யாரும் ஜொகூர் பாருவில் சாகவில்லை. அக்கா இருந்தது குளுவாங்கில். வரைபடத்தை ஒருமுறை திறந்து, இறங்கும் இடத்துக்கும் போக வேண்டிய வீட்டுக்கும் இடையில் விரலை வைத்துப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். பெயரையும் நம்பக்கூடாது. ஜொகூர் பாரு விமான நிலையம் என்கிறோம், அது இருப்பது கூலாய் பக்கம், ஜொகூர் பாரு நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் போல. கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே இரண்டு விமான நிலையங்கள்: சுபாங் ஒன்று, சிப்பாங்கில் இருப்பது ஒன்று. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவதாக டிக்கெட் எடுத்துவிட்டால் நடுவில் 50 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம்.

3.20க்கு மருமகன் கூப்பிட்டான். "மாமா, எங்க இருக்கீங்க?" கூலாய் தாண்டிவிட்டேன் என்றேன். "4 மணிக்கு மேல அவங்க எடுக்க மாட்டாங்களாம் மாமா. அடுத்த ஆளுங்களுக்கு நேரம் குடுத்திருக்காங்க." அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தான். பெரியவர்கள் அவனைச் சுற்றி நின்றிருப்பார்கள். "எடுங்கப்பா, எனக்காக அம்மாவக் காக்க வைக்காதீங்க" என்றேன். சொல்லிவிட்டுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், முன்பின் தெரியாதவர் காரில், வாய்விட்டு அழுதேன். அந்த மனிதர் வானொலியை நிறுத்திவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே வந்தார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

மின்சுடலைக்கு நேராகப் போய் இறங்கியபோது 4.25. எல்லாம் முடிந்திருந்தது. அத்தான் படியில் உட்கார்ந்திருந்தார். "ஒன் பேரச் சொல்லி நானே ஒரு சேலையப் போத்திட்டேன்டா" என்றார். வாய்க்கரிசியும் போடவில்லை, முகமும் பார்க்கவில்லை.

காலை 8.15க்குக் கிளம்பி மாலை 4.25. எட்டு மணி பத்து நிமிடம். இதில் ஆகாயத்தில் இருந்தது ஒரு மணி நேரம் போலத்தான். எங்கள் தோட்டத்திலிருந்து குளுவாங்குக்குச் சாலையில் 490 கிலோமீட்டர் போல வரும். நின்று நிதானமாகப் போனாலும் 6, 6.30 மணி நேரம். அன்று காலை அதே 8.15க்குக் காரில் கிளம்பியிருந்தால்கூட, 3 மணி எடுப்புக்கு முன்னால் அக்காவின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். முதல் நாள் நள்ளிரவில் அந்தப் பையனோடு போயிருந்தால் விடிந்ததும் பார்த்திருப்பேன்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அதையும் யாரும் வெளியே சொல்வதில்லை. போக டிக்கெட் 318, பைக்கு 48, டாக்சி 170. திரும்பி வர எடுத்த 149 வெள்ளி டிக்கெட் வீண். சாம்பல் கரைத்து, பால் தெளித்து, அத்தானை அப்படியே விட்டுவிட்டுப் புதன்கிழமை நான் எப்படிக் கிளம்புவேன்? போகாத டிக்கெட்டுக்கு விமான நிலையக் கட்டணத்தை மட்டும் கேட்டு வாங்கலாம் என்று மகள் எழுதிப் போட்டதில் சிறிய தொகை ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறி வீடு வந்ததில் 65. மொத்தம் 750 வெள்ளி. காரில் போயிருந்தால் பெட்ரோலும் டோலும் சேர்ந்து ஒரு வழிக்கு 150க்குள் முடிந்திருக்கும். சாவுக்குப் போகும்போது திரும்பி வர டிக்கெட் எடுக்காதீர்கள். எந்த நாள் திரும்புவோம் என்பது நம் கையில் இல்லை.

வண்டிக்கு ஏற்பாடு செய்யாததும் என் தப்புதான். சாவு வீட்டில் போய், "என்னைக் கூட்டிப்போக ஒரு ஆள் அனுப்பு" என்று கேட்பதா என்று கூச்சப்பட்டேன். மருமகனின் கூட்டாளிகள் பத்துப் பேர் அன்று பந்தல் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். "சொல்லியிருந்தா ஒருத்தன் செனாய்ல வந்து நின்னிருப்பானே மாமா" என்று பிறகு அவன் தலையில் அடித்துக்கொண்டான். கேளுங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஏதாவது ஒரு வேலை கிடைக்காதா என்றுதான் பிள்ளைகள் நின்றுகொண்டிருப்பார்கள்.

தாமதமானால் என்ன கேட்கலாம் என்றும் பலருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. 2016ஆம் ஆண்டு விமானப் பயணப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. 2 மணி நேரமும் அதற்கு மேலும் தாமதமானால் சாப்பாடு கொடுக்க வேண்டும். 5 மணி நேரமும் அதற்கு மேலும் ஆனால், பயணத்தை விட்டுவிட்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் இந்த உரிமை 2024 செப்டம்பர் 2ஆம் தேதியிலிருந்து நடப்பில் உள்ளது. பணம் கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள் வர வேண்டும். முன்பு மாவ்கோம் என்ற ஆணையம் இதைப் பார்த்துக்கொண்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தப் பொறுப்பு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் வந்துவிட்டது, புகார் அங்கேதான் செய்ய வேண்டும். என் தாமதம் ஒரு மணி நாற்பது நிமிடம், அதனால் எதிலும் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் நான் இழந்ததை எந்த விதியும் திருப்பித் தராது. ஆனால் உங்கள் பயணம் வேறு காரியத்துக்காக இருக்கலாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிற வீடு ஸ்கூடாயிலோ கூலாயிலோ இருந்து, அன்றைக்கே போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லை என்றால் ஈப்போவிலிருந்து செனாய் போவது உடம்புக்கு நல்ல சுகம். இடுப்பு வலிக்காது, வயதானவர்களைக் கூட்டிப்போகலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் நிற்க வேண்டும் என்றால் நான் போடும் கணக்கு இப்போது வேறு. வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஆகும் நேரம். கவுண்டர் மூடும் நேரம், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடுகிறவர்களும் உண்டு. அட்டவணை நேரம். இறங்கி வெளியே வர அரை மணி. வண்டி கிடைக்க அரை மணி. அங்கிருந்து வீடு. எல்லாவற்றையும் கூட்டி, அதன் மேல் தாமதத்துக்கு என்று இரண்டு மணி நேரம். அந்தக் கூட்டல் காரின் நேரத்தைவிடக் கூட வந்தால் காரில்தான் போக வேண்டும். இன்னொன்றையும் பார்ப்பேன்: அதே நாளில் அடுத்த விமானம் இருக்கிறதா? பெரிய ஊர்களுக்கு நடுவில் மணிக்கு ஒன்று இருக்கும். இந்த மாதிரி ஊர்களுக்கு நடுவில் ஒன்றை விட்டால் மறுநாள்தான் என்கிற நிலை வரலாம்.

இப்போது ரயிலும் வந்துவிட்டது. இடிஎஸ் மின்சார ரயில் 2025 ஆகஸ்ட் இறுதியில் குளுவாங் வரையும், டிசம்பரில் ஜொகூர் பாரு வரையும் நீண்டுவிட்டது. சுங்கை சிப்புட்டிலும் அந்த ரயில் நிற்கிறது. அக்கா கல்யாணமாகிப் போனதும் ரயிலில்தான். அவர் இருந்திருந்தால், "இப்ப வர்றதுக்கு உனக்கு என்ன சாக்கு இருக்கு" என்று கேட்டிருப்பார்.

16ஆம் நாள் காரியத்துக்கு நான் விமானத்தைத் தேடவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் நானே போய்க் கேட்டேன். முதல் நாள் இரவு 10 மணிக்குக் கிளம்பினோம். ஓய்விடத்தில் இரண்டு முறை நிறுத்திக் காப்பி குடித்தோம். அவன் அதிகம் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆயர் ஹீத்தாமில் இறங்கி அக்கா வீட்டு வாசலுக்கு வந்தபோது விடியற்காலை 4.40. வீட்டில் விளக்கு எரியவில்லை. அவனைக் காரிலேயே தூங்கச் சொல்லிவிட்டு, படத்துக்கு முன்னால் வைக்க வேண்டிய அந்தப் பச்சைச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு, மருமகன் வந்து கதவைத் திறக்கும் வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.